கைக்குக் கிடைத்ததை வைத்து ஒரு குட்டிப் பவளத் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவளம் வளர்க்கப் பெரிய தொட்டியும் ஏகப்பட்ட கருவிகளும் வேண்டாமா? பழைய சாமான்களை வைத்து நிஜமாகவே முடியுமா?

முடியும். 1846-இல் அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, டார்க்கீ கடற்கரையில் எடுத்த பவளங்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுபோய் உயிரோடு வைத்திருந்தார். மோட்டார் கிடையாது, மின்விளக்கு கிடையாது. வேலைக்கார அம்மா ஜன்னலோரம் நின்று தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவார், அதுதான் காற்று ஏற்றும் முறை. 1961-இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த, பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் இருந்தால் போதும், தனியாக வடிகட்டியே வேண்டாம் என்று எழுதினார். இன்றைக்கு 'லைவ் ராக்' என்று நாம் சொல்வதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பெட்டி, மூடி, தாங்கி, விளக்குக் கூடு இதெல்லாம் எந்தப் பரணிலிருந்து வந்தாலும் பவளம் கவலைப்படாது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கீழே சொல்லப்போகும் பதில்களில் முக்கால்வாசி இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

எவ்வளவு சின்னதாகச் செய்யலாம்?

நாலு லிட்டர் ஜாடியில் பவளம் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், 15 முதல் 30 லிட்டர் வரை பாருங்கள். காரணம் ஆவியாதல். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் அரை லிட்டர் வற்றினால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 35.1 கூட ஆகாது. அதே அரை லிட்டர் 10 லிட்டர் தொட்டியில் வற்றினால் 36.8 ஆகிவிடும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சின்னத் தொட்டி செலவில் சின்னது, கவனத்தில் பெரியது. தினமும் ஒரு நிமிஷம் அதன் முன்னால் நிற்க முடியாது என்றால் இது உங்களுக்கான வேலை இல்லை.

பெட்டிக்கு எதையெல்லாம் பயன்படுத்தலாம்?

வாய் அகன்ற கண்ணாடி ஜாடி, உணவுப்பொருள் வைக்கும் தரத்தில் உள்ள பிளாஸ்டிக் டப்பா, பழைய நன்னீர் மீன்தொட்டி, அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய கண்ணாடி எல்லாமே ஆகும். கண்ணாடி வெட்டி ஒட்டுவதாக இருந்தால் 30 செ.மீ. கன சதுரத்துக்கு 5 அல்லது 6 மி.மீ. தடிமன் சரியாக இருக்கும், 27 லிட்டர் கொள்ளும். டஃபன்ட் (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடியை வெட்ட முயலாதீர்கள், வெட்டும்போது தூள்தூளாகிவிடும்.

பழைய மீன்தொட்டி என்றால் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: இதில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து ஊற்றினார்களா? நோய் பார்த்த தொட்டிகளில் அது சகஜம். அது கண்ணாடியை ஒட்டும் சிலிகான் பசையிலும் மணலிலும் ஊறிக்கிடந்து பிறகு மெல்லக் கசியலாம். மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவு செம்புகூட நத்தை, இறால், பவளம் இவற்றைக் கொன்றுவிடும். பதில் தெரியவில்லை என்றால் சிலிகானை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.

எடையையும் யோசியுங்கள். 27 லிட்டர் தண்ணீர், கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்த்து 40 கிலோவை நெருங்கும். ஆடும் மேசை, அழுத்தினால் வளையும் பலகை வேண்டாம்.

எந்த சிலிகான்?

காயும்போது வினிகர் வாசம் அடிக்கிற வகை, பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காதது. குளியலறைக்கென்று விற்கும் டியூப்களில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள். புது சிலிகான் பழைய சிலிகான் மேல் ஒட்டாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கசிகிற இடத்தில் மட்டும் மேலே ஒரு கோடு இழுத்துவிட்டு ஆச்சு என்று உட்கார்ந்தால் அது திரும்பக் கசியும். பழையதை பிளேடால் வழித்து, கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அப்புறம் ஒட்டுங்கள். ஒரு வாரம் காயட்டும், வாசம் முழுக்கப் போகட்டும். பிறகு வெறும் தண்ணீர் நிரப்பி, கசிந்தாலும் பாதகமில்லாத இடத்தில் சில நாள் வைத்துப் பாருங்கள். அடியில் ஒரு காகிதம் போட்டால் ஒரு துளி கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீருக்குள் போகவே கூடாதவை?

உலோகம் எதுவுமே. பித்தளை, செம்பு, துத்தநாகப் பூச்சுள்ள கம்பி இதெல்லாம் நேரடி விஷம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது உப்புத் தண்ணீரைப் பார்க்கும்வரைதான். தேவைப்பட்ட இடத்தில் திருகாணிக்குப் பதில் நைலான் ஜிப் டை போடுங்கள். காந்தத்தின் மேல்பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் உள்ளே துருப்பிடித்து வீங்கிவிடும்.

சோப்பு, பூச்சி மருந்து, பெயின்ட் வைத்திருந்த டப்பாக்களை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. தொட்டிச் சாமானை சோப்பு போட்டும் கழுவ வேண்டாம். வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

பரணில் கிடப்பதில் எதெல்லாம் உண்மையிலேயே உதவும்?

நிறைய. கெட்டுப்போன ஸ்கேனரின் மேல் கண்ணாடியை வெட்டாமல் அப்படியே எடுத்தால் அருமையான மூடி. கம்ப்யூட்டர் ப்ராசசர் மேலே இருக்கும் அலுமினிய ஹீட்சிங்க்கும் அதன் ஃபேனும் எல்இடி விளக்குக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும். பழைய லேப்டாப் அடாப்டர் அதே விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும். காலாவதியான பிளாஸ்டிக் கார்டு பாசி சுரண்ட, ஊசி கழற்றிய சிரிஞ்ச் பவளத்துக்குத் தீனி கொடுக்க, பழைய டூத்பிரஷ் பாறை இடுக்கைத் தேய்க்க. கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைப்பதைவிட மலிவான கருவி இந்தப் பொழுதுபோக்கில் இல்லை.

சரி, புதிதாக வாங்கியே ஆகவேண்டியவை?

கடல் உப்புக் கலவை, உப்பளவு பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், ஹீட்டர் தேவைப்பட்டால் அது, அம்மோனியாவும் நைட்ரேட்டும் சோதிக்கும் கிட். ஹீட்டரை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். அது கெட்டுப்போகும்போது அணைந்து கெடுவதில்லை பல சமயம், எரிந்தபடியே மாட்டிக்கொண்டுவிடும். 20 லிட்டர் தண்ணீர் சூடேற அதிக நேரம் எடுக்காது.

சமையலறை உப்பு, கல்லுப்பு போட்டால் என்ன?

அதில் இருப்பது சோடியம் குளோரைடு. கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 85 சதவீதம், மிச்சத்தில்தான் சல்ஃபேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் இருக்கின்றன. பவளம் எலும்புக்கூடு கட்டுவதே அந்த மிச்சத்தை வைத்துத்தான்.

சமையல் உப்பு வேறொரு வேலைக்கு உதவும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சுழியம் வைத்தால் மட்டும் நம்பகமில்லை, 35 என்ற இடத்தில் சரிபார்க்க வேண்டும். 36.5 கிராம் உப்பை 963.5 கிராம் சுத்தத் தண்ணீரில் கரையுங்கள். ஒளிவிலகலில் இது 35 உள்ள கடல்நீருக்குச் சமம். கண்ணாடியில் ஒரு துளி விட்டு, கோடு 35-இல் நிற்கும்வரை திருகுங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்கும் கீழே காட்டினால் நல்லது.

கடல்நீரையே எடுத்துவரக் கூடாதா?

சுத்தமான திறந்த கடலிலிருந்து என்றால் எடுக்கலாம். துறைமுகம், ஆற்று முகத்துவாரம், சாக்கடை கலக்கும் கரை, மழை பெய்த மறுநாள் இதெல்லாம் கூடாது. கொண்டுவந்ததை நுண்துணியில் வடித்து, மூடி, சில நாள் இருட்டில் வைத்து, உப்பளவு பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பவளத் துண்டை ஒடித்துக்கொண்டு வராதீர்கள். கல் போன்ற எலும்புக்கூடு கட்டும் கற்பவளங்கள் அத்தனையும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை, அதுபோக பல நாடுகளில் தனிச் சட்டமும் உண்டு. இன்னொருவர் தொட்டியில் வளர்ந்ததிலிருந்து வெட்டித் தரும் துண்டு, ஃப்ராக் என்பார்கள், அதுதான் சரியான வழி. சின்னத் தொட்டிக்குப் பழகியும் இருக்கும்.

உப்பு கலக்க எந்தத் தண்ணீர்? குழாய்த் தண்ணீர்? ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்?

ஆர்ஓ (சவ்வு வழி வடிகட்டல்), அதன்பின் டிஐ (மிச்ச உப்புகளையும் நீக்கும் ரெசின்) இரண்டையும் தாண்டிய தண்ணீர், அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர். கரைந்த பொருள்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சுழியம் காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின், பாஸ்பேட், நைட்ரேட், குழாயிலிருந்து வரும் செம்பு என்று எல்லாம் இருக்கலாம்.

ஏசித் தண்ணீர் பற்றித் தவறாமல் யாராவது கேட்பார்கள். டிடிஎஸ் மிகக் குறைவாகக் காட்டும், இலவசமாகவும் வரும், அதனால் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அது செம்புக் குழாய்களும் அலுமினியத் தகடுகளும் உள்ள காயில் மேல் வழிந்து வருகிறது, கூடவே அங்கு படிந்த தூசியும் பூஞ்சையும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செம்பைக் காட்ட டிடிஎஸ் மீட்டருக்குத் திராணி கிடையாது. செடிக்கு ஊற்றுங்கள்.

கலக்கும்போது தண்ணீரில் உப்பைப் போடவேண்டும், உப்பு மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 முதல் 38 கிராம், பிராண்டைப் பொறுத்து. சின்னப் பம்பு போட்டுக் கலக்கி, தெளிந்தபின் அளந்து பாருங்கள்: ஆயிரத்துக்கு 35 பங்கு, ஹைட்ரோமீட்டர் காட்டும் ஒப்படர்த்திக் கணக்கில் 1.025 அல்லது 1.026.

விளக்கு வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம், இந்த வேலையில் மிகச் சுவாரசியமான பகுதியும் இதுதான். பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சாப்பாடு போடுகிறது. அந்தப் பாசிக்கு நீல ஒளி முக்கியம், 450 நானோமீட்டர் அருகே. அதனால் ராயல் ப்ளூ எல்இடி பாதி, குளிர்வெள்ளை பாதி என்று ஹீட்சிங்க் மேல் ஒட்டுங்கள். 20 லிட்டர் தொட்டிக்கு மென்பவளம் (கல் எலும்புக்கூடு கட்டாதது) மட்டும் என்றால் மொத்தம் 15 வாட் அளவில் தொடங்கலாம். லேப்டாப் அடாப்டரை நேராக எல்இடியில் இணைக்காதீர்கள், நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் போர்டு வேண்டும். அது இல்லாவிட்டால் சூடேற ஏற அதிக மின்சாரம் இழுத்துக் கருகிவிடும்.

ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். முதல் நாளே முழு வெளிச்சம் கொடுக்காதீர்கள், உயரத்தில் தொங்கவிட்டு வாரவாரம் இறக்குங்கள். பவளம் வெளிறினால் வெளிச்சம் அதிகம், நீண்டு மேலே எட்டிப்பார்த்தால் குறைவு. வெயில் விழும் ஜன்னலோரம் தொட்டியை வைத்தால் விளக்குச் செலவு மிச்சம் என்று நினைக்கலாம், ஆனால் சூடும் பாசியும் சேர்ந்து வந்து சேரும்.

நீரோட்டம், வடிகட்டி, சூடு?

ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரைப் பத்து முதல் இருபது தடவை சுற்றவைக்கும் சின்னப் பம்பு போதும். 20 லிட்டருக்கு 200 முதல் 400 லிட்டர். ஜாடி என்றால் ஏர் பம்பும் ஒரு விறைப்பான குழாயும் வைத்துப் பெரிய குமிழிகளாக விடுங்கள். பொடிக்குமிழி கல் வேண்டாம், உப்பைத் தெறித்து விளிம்பெல்லாம் வெள்ளையாக்கிவிடும். பின்பக்கம் மாட்டும் சின்ன ஃபில்டர் இருந்தால் பஞ்சு வைத்து, வாரத்துக்கு இருமுறையாவது மாற்றுங்கள். மாற்றாமல் விட்ட பஞ்சு நைட்ரேட் தொழிற்சாலை.

வெப்பம் 24 முதல் 27 டிகிரி. குளிரான அறைக்கு 25 வாட் ஹீட்டர். சூடான அறைக்கு அந்தக் கம்ப்யூட்டர் ஃபேனையே தண்ணீர் மேல் சாய்த்து ஓடவிடுங்கள், இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் குறைவதே ஆவியாவதால்தான், ஆகவே நல்ல தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டிவரும்.

கரண்ட் அடிக்குமா என்று பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைப் பிரமாதமாகக் கடத்தும். முடிந்தவரை 5 அல்லது 12 வோல்ட் பம்பு, விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் மாதிரி நேரடி மின்சாரத்தில் ஓடுவதெல்லாம் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) உள்ள இணைப்பில் மட்டும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், ஒயர் வழியாக ஓடிவரும் துளி அந்த அடிவளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எக்ஸ்டென்ஷன் போர்டைத் தொட்டிக்குக் கீழே தரையில் போடாதீர்கள். கையை விடுமுன் எல்லாவற்றையும் அணையுங்கள்.

பாறைக்குத் தோட்டத்துக் கல் ஆகுமா?

வினிகர் விட்டால் நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், பெரும்பாலும் சரி. துருநிறக் கோடு, மின்னும் உலோகத் துகள் இருந்தால் வேண்டாம். ஆனால் வழவழப்பான, கனமான கல்லால் அதிகப் பயன் இல்லை, பாக்டீரியா குடியிருக்க ஓட்டை ஓட்டையான பாறைதான் வேண்டும். போர்ட்லாண்ட் சிமென்டோடு நொறுக்கிய சிப்பியும் கல்லுப்பும் கலந்து நீங்களே வார்க்கலாம், உப்பு கரைந்து ஓட்டை விழும். பிரச்சினை என்னவென்றால் புது சிமென்ட் தண்ணீரின் பிஹெச்சை ஏற்றும், எனவே நல்ல தண்ணீரில் போட்டு, மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கடையில் உலர்பாறை (உயிர்கள் இல்லாத, காய்ந்த பாறை) வாங்கிவிடலாம்.

தண்ணீர் ஊற்றியதும் பவளம் வைக்கலாமா?

கூடாது. கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டு கூட்டமும் பாறையில் பெருகப் பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவிட்டுக் காத்திருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், நைட்ரைட் ஏறி இறங்கும், இரண்டும் சுழியமாகி நைட்ரேட் தெரிய ஆரம்பித்தால் தொட்டி தயார். இந்தச் சமயத்தில் மணலெல்லாம் பழுப்புப் பொடி தூவியது போல ஆகும், அது டயாட்டம் என்ற நுண்பாசி. சிலிக்கா தீர்ந்ததும் தானாகப் போகும்.

முதலில் என்னென்ன விடலாம்? நிமோ மீன்?

நிமோ வேண்டாம். க்ளவுன் மீனுக்கு இந்த அளவுத் தொட்டி சிறைதான், அதன் கழிவையும் இந்தத் தண்ணீர் தாங்காது. உண்மையைச் சொன்னால் 20 லிட்டருக்குக் கீழே மீனே வேண்டாம்.

முதலில் இரண்டு மூன்று செரித் நத்தை. அவை நன்றாக மேய்ந்தால், டிஸ்கோசோமா வகை மஷ்ரூம் பவளம், சோவாந்தஸ், கென்யா ட்ரீ. ஸீனியாவும் கிரீன் ஸ்டார் பாலிப்பும் அழகாக இருக்கும், ஆனால் பாறை முழுக்கப் படர்ந்துவிடும், அவற்றுக்குத் தனியாக ஒரு கல் கொடுத்துத் தள்ளி வையுங்கள். அக்ரோபோரா போன்ற கற்பவளங்களுக்கு இப்போதைக்கு ஆசைப்படாதீர்கள். அசையும் உயிர் ஏதாவது வேண்டும் என்றால் செக்ஸி இறால். விரற்கடைகூட இருக்காது, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

சோவாந்தஸ் விஷம் என்கிறார்களே?

அந்த வகையறாவில், குறிப்பாகப் பாலித்தோவா வகைகளில், பாலிடாக்சின் என்ற மிகக் கொடிய நச்சு இருக்கக்கூடும். பார்த்து மட்டும் ரசித்தால் ஒன்றும் செய்யாது. வெட்டும்போதும் பாறையைத் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒட்டிய பாறையைக் கொதிக்கவைக்கவோ வெந்நீர் ஊற்றவோ கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

வாரத்துக்கு எவ்வளவு வேலை?

தினமும் டேப் கோடுவரை நல்ல தண்ணீர் ஊற்றுவது. உப்புத் தண்ணீர் இல்லை, உப்பு கலக்காத அந்த ஆர்ஓ-டிஐ தண்ணீர், இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை 20 சதவீதம் தண்ணீர் மாற்றுவது, ஜாடி என்றால் பாதிக்கு மேல். புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் உள்ளே இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். மென்பவளத் தொட்டிக்குக் கால்சியம், மெக்னீசியம் என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றத் தேவையில்லை, மாற்றும் தண்ணீரிலேயே வந்துவிடும். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 8 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) அருகே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

பச்சைப் பாசி தலைமுடி மாதிரி வளர்ந்துவிட்டது.

தீனியைக் குறையுங்கள், கையால் பிடுங்குங்கள், டிடிஎஸ் பாருங்கள், விளக்கு நேரத்தை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். மருந்து ஊற்றாதீர்கள்.

கரண்ட் போய்விட்டால்?

முதலில் தீர்வது ஆக்சிஜன், சூடு அப்புறம்தான். போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்க் ஒன்றில் யூஎஸ்பி ஏர் பம்பு மணிக்கணக்கில் ஓடும். சில பவர் பேங்க் மின்னோட்டம் குறைவாக இருந்தால் தானாக அணைந்துவிடும், அவசரம் வருவதற்கு முன்பே ஒரு நாள் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே இல்லை என்றால் ஒரு குவளையால் மொண்டு மேலிருந்து ஊற்றுங்கள்.

போதும் என்று தொட்டியைக் கலைத்தால் உயிர்களைக் கடலில் விடலாமா?

கூடாது, உள்ளூர் இனமாக இருந்தாலும் கூடாது. 1984-இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்கு அடியில் ஒரு சின்னத் திட்டாகத் தென்பட்ட கலெர்பா பாசி, தொட்டியில் வளர்க்கப்பட்ட வகை, பிறகு மத்தியதரைக் கடலில் ஏராளமான இடத்தை ஆக்கிரமித்தது. பவளத்தையும் நத்தையையும் வளர்க்கத் தெரிந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். பாறையில் பாலித்தோவா எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்றால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் எலும்பு போலக் காயவைத்து, ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அதே பரணில் ஏற்றிவையுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு வருஷத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள்.